அசைந்தால் பறந்துவிடும்

"இடது கால கொஞ்சம் பின்னால வைங்கப்பா. உங்க நெழல் மரத்து மேல விழுது."

காதில் செருகியிருந்த ஒயர் வழியாக மகளின் குரல் வந்தது. அவர் இடது காலைப் பின்னால் வைத்தார். காய்ந்த மாவிலை ஒன்று காலடியில் நொறுங்கியது.

"சத்தம், சத்தம்!"

"எலைய நானா போட்டேன்? மரம் போட்டிருக்கு."

"மரத்த நான் அப்புறம் கேட்டுக்கிறேன். நீங்க பேசாம நில்லுங்க."

அவர் பேசாமல் நின்றார். முன்னால் மூன்று கால் ஸ்டாண்டின் மேல் கேமரா. அதற்கு நேரே, காய்ப்பு நின்றுபோன மாமரத்தின் அடித்தண்டில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பொந்து. அவர் முதுகுக்குப் பின்னால் மகளின் அறை ஜன்னல். அதை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலில், தலையணைக்கு மேல் தலையணை வைத்து அவள் சாய்ந்திருந்தாள். போன் அவள் நெஞ்சின் மேல் கிடந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். தலையைத் திருப்பினால் அதற்குத் தெரிந்துவிடும். அப்புறம் வெகுநேரம் கிட்டவே வராது.

அது ஒரு சின்னப் பறவை. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். முதுகு நீலம், வயிறு செம்மண் நிறம், கண்ணின் குறுக்கே மையை இழுத்துவிட்டது போல ஒரு கோடு. மற்றப் பறவைகள் மரத்தில் ஏறும். இது உச்சியிலிருந்து தலைகீழாக, ஏதோ தரையில் நடப்பது போல, விறுவிறுவென்று இறங்கி வரும். புத்தகத்தில் அதற்குப் பசையெடுப்பான் என்று பெயர் போட்டிருந்தது. மகள் அதை வாசித்துக் காட்டியபோது, "செவுத்துல போஸ்டர் ஒட்டுறவன் பேரு மாதிரி இருக்கு" என்றார் அவர். அவர் வைத்த பெயர் கொத்தனார். மரங்கொத்தி விட்டுப்போன அந்தப் பெரிய பொந்தின் வாயை, அலகில் ஈரமண் கொண்டுவந்து கொண்டுவந்து பூசி, தன் உடம்பு மட்டும் நுழையும் அளவுக்கு அது சிறிதாக்கியதை அவர் பார்த்திருந்தார்.

"கரண்டியும் கெடையாது, ரசமட்டமும் கெடையாது. என்ன பூச்சு பாரு பாப்பா!"

மகள் கேமராவில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பூசுறது பொம்பளப் பறவைப்பா. வயிறு வெளிறி இருக்கு பாருங்க. ஆம்பள பக்கத்துக் கொம்புல நின்னு மேஸ்திரி வேல பாக்குது."

உள்ளே தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள். "இந்த வீட்ட பாத்துக் கத்துக்கிட்டிருக்கும்."

அது போன வருஷம். மகள் அப்போது ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற வேலையில் இருந்தாள். வேலைக்குப் போகும் முன்பு தோட்டத்தில் நின்று படம் எடுப்பாள், வந்ததும் எடுப்பாள். கிளையில் இருப்பது, மண் சுமப்பது, பட்டைக்கு அடியிலிருந்து பூச்சியை நெம்பி எடுப்பது என்று எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை. மண் வாசலுக்கு வெளியே குஞ்சு தலையை நீட்ட, மேலேயிருந்து தாய் தலைகீழாக இறங்கி வந்து இரை கொடுக்கும்போது இரண்டு அலகும் தொடுகிற அந்த நொடி. போன வருஷம் அதற்கு முன்பே ஒருநாள் குஞ்சுகள் பறந்துவிட்டன. "அடுத்த வருஷம் விடமாட்டேன்" என்று அவள் வெற்றுப் பொந்தைப் பார்த்துச் சொன்னாள்.

மழை நின்ற ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் கேமராவைத் தொடவில்லை. மரத்தடியில் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அசதியா இருக்குன்னு சொன்னேன்ல. என் ரத்தத்த நானே எடுத்துப் பாத்தேன்ப்பா."

"என்ன இருக்கு?"

"இருக்கக் கூடாதது இருக்கு."

அவர் பழுது பார்க்கிறவர். அடுக்குமாடிகளின் லிஃப்டுகளில் அவர் கை படாத கம்பிவடம் அந்த ஊரில் குறைவு. எதையும் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, திருப்பி மாட்டினால் ஓடும் என்று நம்புகிறவர். அன்றைக்கும் அப்படித்தான், "சரி, பாத்துக்கலாம்" என்றார். அவள் தலையாட்டினாள். பெரிய டாக்டர்கள், பெரிய ஊசிகள், உதிர்ந்த முடி, வாயெல்லாம் புண். கடைசியில் டாக்டர் அவரை மட்டும் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வந்தபோது மகள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்ப்பா. கொத்தனார் வந்திருக்கும்" என்றாள்.

வந்திருந்தது. அவர் கட்டிலின் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்து உயர்த்தி, ஜன்னல் சட்டம் மறைக்காதபடி செய்துகொடுத்தார். ஆனால் லென்ஸைத் தூக்க அவள் கையில் வலு இல்லை. மடியில் வைத்துப் பார்த்தாள், தலையணையில் வைத்துப் பார்த்தாள். பிறகு கேமராவை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எடுங்க. நான் சொல்றேன்."

அப்படித்தான் இந்தக் காலைகள். குஞ்சுகள் பெரிதாகிவிட்டன. இன்றோ நாளையோ போய்விடும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வருதுப்பா. மேல, வலது கொம்பு. வாயில பச்சப் புழு. பாதி அமுக்குங்க."

பாதி அமுக்கினார். தாய்ப்பறவை கிளையிலிருந்து தண்டுக்குத் தாவி, தலைகீழாகத் திரும்பிக்கொண்டது.

"இருங்க... இன்னும்... இப்ப!"

அவர் அமுக்கினார். படத்தில் பொந்து இருந்தது. குஞ்சின் தலை இருந்தது. ஓரத்தில் ஒரு வாலின் நுனி.

"போச்சு" என்றாள் மகள். "சாவகாசமா யோசன பண்ணி அமுக்குறீங்க."

"லிஃப்ட்ல பட்டன அமுக்குனா கதவு மெதுவாத்தான் மூடும். அந்தப் பழக்கம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நின்றதும் மூச்சு மட்டும் கேட்டது, ஈரத்துணியைக் கல்லில் இழுப்பது போல. அவருக்குக் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"திரும்பாதீங்க. ஒண்ணுமில்ல. அம்மா இருக்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் 'இப்ப'ன்னு சொல்றதுக்கு முன்னாடியே அமுக்குங்க. அது தல குனியுது பாருங்க, அப்ப" என்றாள்.

"சரி."

பிறகு காதில் டொக்கென்று ஒரு சத்தம். அதன்பின் மூச்சுகூடக் கேட்கவில்லை. போனில் சார்ஜ் போயிருக்கும் என்று நினைத்தார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்வாள், போனுக்குச் சார்ஜ் போட மட்டும் மறந்துவிடுவாள். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று ஒரு கால் தயங்கியது. அதற்குள் மேல் கொம்பில் சிறகடிப்புக் கேட்டது. அவர் நின்றுவிட்டார். அவள் சொல்லாமலே எடுத்துவிட்டு, கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்று ஆசை வந்தது.

ஆண்பறவை வந்தது, அவசரமாகத் திணித்துவிட்டுப் போனது. தவறிற்று. மறுபடி அது வந்தபோதும் தவறிற்று. பிறகு தாய் வந்தது. தண்டில் தலைகீழாக நின்று இப்படியும் அப்படியும் பார்த்தது. குஞ்சு வாயைப் பிளந்தது. தாயின் தலை குனிய ஆரம்பித்த அந்தக் கணத்தில், யாரும் சொல்லாமல், அவர் விரல் அமுக்கியது.

திரையில் பார்த்தார். மண் வாசல், அதில் மஞ்சள் ஓரம் போட்ட பிளந்த வாய், மேலேயிருந்து இறங்கிய அலகு, இரண்டுக்கும் நடுவே வளைந்து தொங்கும் புழு. தாயின் கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம்கூடத் தெரிந்தது.

"பாப்பா! கெடச்சிடுச்சு!"

ஸ்டாண்டோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடினார். சமையலறை வாசலில் ஸ்டாண்டின் கால் கதவில் இடித்தது. "கெடச்சிடுச்சு பாப்பா, நீ சொன்ன மாதிரியே, தல குனியறப்ப..." என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் வந்தார்.

மனைவி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மகளின் ஒரு கையை இரண்டு கைகளுக்குள் வைத்திருந்தாள். மகளின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. வாயோரத்தில் ஈரத்துணியால் துடைத்த தடம் இருந்தது.

"வாங்க" என்றாள் மனைவி, தலை நிமிராமல்.

அவர் அங்கேயே நின்றார். கையிலிருந்த கேமராத் திரையில் படம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிறகு தானாக அணைந்தது. அப்போதுதான் மனைவியின் மடியில் கிடந்த போனைப் பார்த்தார். எடுத்து அமுக்கினார். திரை ஒளிர்ந்தது. சார்ஜ் நிறைய இருந்தது.

*

அதற்குப் பிறகு வீடு அவருடையதாக இல்லை. பக்கத்து வீட்டு டிரைவர் வந்தார். டாக்டரைக் கூட்டி வந்ததும், வண்டிக்குச் சொன்னதும், சேர்களை வரவழைத்ததும் அவர்தான். மகளின் அத்தை, அவருடைய தங்கை, வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். மனைவி அழவில்லை. மகளுக்கு எந்த உடுப்பு போடவேண்டும் என்று தங்கை கேட்டதற்கு எழுந்துபோய், பீரோவிலிருந்து ஒரு நீலச் சுடிதாரை எடுத்துவந்து, அது இப்போது தொளதொளவென்று இருக்கும் என்று சொல்லி, மெஷினில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் கூடத்துச் சுவரோரம் நின்று அதைப் பார்த்தார். நெஞ்சுக்குள் ஒன்றே ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. கட் பண்ணியிருக்கிறாள். மகள் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் இவள் போனை எடுத்து அணைத்திருக்கிறாள். ஜன்னலுக்கும் மரத்துக்கும் நடுவே எத்தனை தூரம்? ஒரு குரல் கொடுத்தால் போதாதா? கண்ணாடியைத் தட்டினால் போதாதா?

கரண்ட் போய், மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அவர் போனதும் முதலில் கருவியை எடுக்கமாட்டார். மூடிய கதவில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், வெளியதான் நிக்கறேன்" என்பார். கதவு திறக்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவர் எந்த ஊர், என்ன வேலை, காலையில் என்ன சாப்பிட்டார் என்று. முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அப்படிக் குரல் கொடுத்திருக்கிறார். பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் புழுவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மனைவி சுடிதாரை உதறி நூலைக் கடித்தாள். ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லேபில் மகளோடு வேலை பார்த்த பெண் வந்தாள். கண்களெல்லாம் வீங்கியிருந்தன. கொஞ்ச நேரம் கட்டிலருகே நின்றுவிட்டு அவரிடம் வந்தாள்.

"அங்கிள், அக்காவோட படம் ஒண்ணு வேணும். முன்னால வைக்க. நான் போய்ப் பிரிண்ட் போட்டுட்டு வந்துடறேன்."

அவர் மேஜை மேலிருந்த கேமராவைக் காட்டினார். அந்தப் பெண் அதை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பறவை, பறவை, பறவை. கிளை, பட்டை, மண். ஒன்றில்கூட மகள் இல்லை.

"எடுக்கறவங்க எங்க படத்துல வருவாங்க" என்றாள் அந்தப் பெண் தனக்குள். "ஆபீஸ் கார்டுல இருக்கற படத்தையே பெருசு பண்ணச் சொல்றேன் அங்கிள். பரவால்லயா?" பிறகு ஒரு படத்தில் நின்றுவிட்டாள். "ஐயோ! அக்கா கடைசியில எடுத்துட்டாங்களா இத? லேப்ல எந்நேரமும் இதே பேச்சு."

"அவ எடுக்கல" என்றார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். கேமராவை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கூடத்தில் நிற்க முடியாமல் அவர் தோட்டத்துப் பக்கம் வந்தார். அங்கே நிழல் மரத்தடியில் மட்டும்தான். டிரைவர் அத்தனை பிளாஸ்டிக் சேர்களையும் மாமரத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். லிஃப்ட் கம்பெனி ஆட்கள், மனைவி சட்டை தைத்துக் கொடுக்கும் கடைக்காரர், தெருக்காரர்கள் என்று ஏழெட்டுப் பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மரத்தில் முதுகைச் சாய்த்திருந்தார்.

அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் காது கேட்டுவிட்டது. விட்டு விட்டு, கூர்மையாக, ஒரே குரல். மின்கம்பியின் மேல் தாய்ப்பறவை உட்கார்ந்திருந்தது. வாயில் இரை. இறங்கப் பார்க்கும், ஆட்களைக் கண்டு திரும்பக் கம்பிக்குப் போகும். ஆண்பறவை சுவர்மேல் நின்று கத்திக்கொண்டிருந்தது. பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகளின் சத்தம் பசியில் ஒரே கீச்சாகக் கேட்டது.

பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காலியாக இருந்த சேர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில், மதிலோரம் போட்டார். திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கினார்.

"என்னண்ணே பண்றீங்க? நான் பாத்துக்கறேன், விடுங்க" என்று டிரைவர் ஓடி வந்தார்.

"இங்க வேணாம். அங்க போடுங்க."

"வெயில் மண்டையப் பொளக்குது. அங்க யாரு ஒக்காருவாங்க?"

அவர் மரத்தில் சாய்ந்திருந்தவர் முன்னால் போய் நின்றார். "கொஞ்சம் எழுந்திரிங்க சார்." அந்த மனிதர் பதறி எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். பாவம், பெண் போன அதிர்ச்சி, என்று ஒருவர் கண்ணாலேயே இன்னொருவரிடம் சொல்வது அவருக்குத் தெரிந்தது.

மூன்றாவது சேரைத் தூக்கியபோது அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு சேர் நகர்ந்தது. நிமிர்ந்தார். மனைவி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கையிலும் ஒரு சேர் பிடித்து, மதிலோரம் கொண்டுபோய்ப் போட்டாள். திரும்பி வந்தாள். அவர் ஒரு சேர் எடுத்தார். அவள் ஒன்று எடுத்தாள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை. டிரைவர் ஒன்றும் புரியாமல், பிறகு அவரும் சேர்ந்து தூக்கினார். கடைசிச் சேரும் போனபின் மனைவி உள்ளே போய்விட்டாள்.

வந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள். சிலர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பியிலிருந்து தாய்ப்பறவை உச்சிக் கொம்புக்கு வந்தது. அங்கிருந்து தண்டுக்கு. அவர் அதற்குமேல் பார்க்கவில்லை.

*

மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அவர் நினைக்கவில்லை. தகன உலையின் இரும்புக் கதவு இறங்கியபோது அவருடைய காது, பழக்கத்தில், அதன் சங்கிலி எங்கோ உரசுவதைக் கவனித்தது. எண்ணெய் விடவேண்டும் என்று மனம் சொன்னது. உடனே அந்த மனதைக் கையில் பிடித்துக் கிழித்துவிடலாம் போல இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். தங்கை இருந்து ஏதாவது சமைத்து வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். மனைவி, "நீ போம்மா. பிள்ளைங்க தனியா இருக்கும்" என்று அனுப்பிவிட்டாள். டிரைவர் சேர்களை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

மனைவி சமையலறை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பகல் முழுக்க அடக்கி வைத்தது இனி அடங்காது போலிருந்தது. கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தார். வந்தது சின்னக் குரல்தான்.

"ஏன் கட் பண்ண?"

அவள் புரியாமல் பார்த்தாள்.

"போன. ஏன் கட் பண்ண? ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே. நான் என்ன வேற ஊர்லயா இருந்தேன்?"

காலையிலிருந்து அவர் ஏன் தன்னிடம் பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது போலிருந்தது.

"நான் கட் பண்ணலங்க" என்றாள். "அவதான் பண்ணா."

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார்.

"இருமல் வந்துச்சு. ரத்தம் கொஞ்சம் வந்துச்சு. நான் துணிய எடுத்தேன். அதுக்குள்ள தடவித் தடவி போன அமுக்கிட்டா. அப்பாவுக்குக் கேக்கும்னா. நான் உங்கள கூப்பிடத்தான் எழுந்தேன். கைய புடிச்சிட்டா. அவ்வளவு வலு எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல. ஒரு தம்ளர் தூக்க மாட்டா, என் கைய விடவே இல்ல."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"'கூப்பிடாதம்மா. அப்பா அசைஞ்சா பறந்துடும்'னா."

மேஜை விளிம்பை அவள் விரலால் தேய்த்தாள். ஒரு நூல் பிசிறைத் தேடுவது போல.

"அப்புறம் உங்களையேதான் பாத்துட்டிருந்தா. பறவைய பாக்கல. உங்க முதுகத்தான். 'பனியன் முதுகுல எவ்ளோ பெரிய ஓட்ட பாரும்மா, இது தெரியாம ஊரெல்லாம் சுத்துறாரு'ன்னா. சிரிச்சா. நானும் சிரிச்சேன். நான் சிரிச்சிட்டு அவள பாத்தேன்..."

நிறுத்திவிட்டாள். அவர் கை தானாகப் பின்னால் போய் முதுகைத் தொட்டது. இப்போது வேறு சட்டை போட்டிருந்தார்.

குழாயிலிருந்து பாத்திரத்தில் சொட்டு விழுந்தது. அவர் போய்க் குழாயை இறுக்கினார். திரும்பி வந்து, அவள் எதிரே இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவள் எழுந்து வரவில்லை. மேஜைக்கு மேலே கையை நீட்டி, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது. முதலில் சத்தமில்லாமல், பிறகு அவரே பயந்துபோகும் அளவுக்கு.

அது அடங்கியபின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "அந்தப் படத்த காட்டுங்க."

"எந்தப் படம்?"

"கெடச்சிடுச்சு கெடச்சிடுச்சுன்னு ஓடி வந்தீங்களே."

அவர் போய்க் கேமராவை எடுத்து வந்தார். பட்டன் தேடி அமுக்கினார். அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அந்தப் பறவையைத் தவிர வேறு பேச்சு இல்லாதபோதும், அவள் ஒருநாளும் அருகில் வந்து பார்த்ததில்லை.

"ஒண்ணும் புரியலயே. எது அம்மா, எது குஞ்சு?"

"மேல இருந்து தொங்குது பாரு, அது அம்மா. வயிறு வெளிறி இருக்குல்ல? அதான் பொம்பள. இது மண்ணு. அவளே பூசுனது. இதுக்குள்ளருந்து தலைய நீட்டுறான் பாரு, இவன்தான் குஞ்சு. வாயச் சுத்தி மஞ்சளா இருக்கு. அது பெருசானா போயிடும்." அவர் குரல் ஒரு இடத்தில் நின்று, மறுபடி புறப்பட்டது. "ரெண்டு மூக்கும் தொடுற நேரம் பாத்து எடுக்கணும். அது தல குனியறப்பவே அமுக்கிடணும். அதுக்கப்புறம் அமுக்குனா வாலுதான் கெடைக்கும்."

"நல்லா எடுத்திருக்கீங்க" என்றாள்.

திரை அணைந்தது. அவள் மறுபடி எரியவிடச் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். கேமராவை மேஜையில் வைக்கக் குனிந்தபோதுதான் அவர் அவள் கால்களைப் பார்த்தார். வீட்டுக்குள் வந்து இத்தனை நேரமாகியும் செருப்பைக் கழற்றவில்லை. ஒரு காலில் அவளுடைய நீல ரப்பர் செருப்பு. மற்றதில் யாருடையதோ ஒரு பழுப்பு நிறத் தோல் செருப்பு, அவள் பாதத்துக்குப் பெரியது, வார் போடாமல் தொங்கியது. போகும்போது மாட்டினாளோ, வரும்போது மாட்டினாளோ. அதோடுதான் நடந்து வந்திருக்கிறாள்.

அவர் தரையில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றினார். அவள் கண் திறக்கவில்லை. பெருவிரலருகே தோல் உரிந்து சிவந்திருந்தது. நீலத்தைக் கதவோரம் வைத்தார். பழுப்புச் செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. செருப்பின் மேலிருந்த புழுதியைக் கையால் துடைத்து, தேடி வருகிறவர் கண்ணில் படும்படி, கேட்டுக்குப் பக்கத்தில் மதில் மேல் வைத்தார்.